வரைவு அனுப்பாமலே விடுபடும் பெண் பெயர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆய்வுக் கட்டுரையில் யார் பெயர் வரும், எத்தனையாவதாக வரும் என்பதைப் பல ஆய்வகங்கள் கடைசி வாரத்தில்தான் முடிவு செய்கின்றன. பெண்கள் அதிகம் இழப்பது அந்த வாரத்தில்தான். அமெரிக்காவின் 9,778 ஆய்வுக் குழுக்களில் யார் வேலை பார்த்தார்கள், யார் பெயர் அச்சானது என்று ஒப்பிட்ட ஆய்வு 2022-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. பெண்ணின் பெயர் கட்டுரையில் வரும் வாய்ப்பு ஆணைவிடச் சுமார் 13 சதவீதம் குறைவு; கண்டுபிடிப்புக் காப்புரிமையில் (பேடன்ட்) 58 சதவீதம் குறைவு.

மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு, கட்டுரை ஆசிரியருக்கு நான்கு தகுதிகள் வைத்திருக்கிறது: ஆய்வுத் திட்டத்திலோ தரவிலோ கணிசமான பங்கு, வரைவை எழுதுவது அல்லது திருத்துவது, இறுதி ஒப்புதல், பொறுப்பேற்பு. நான்கும் வேண்டும். இரண்டு ஆண்டு தரவு சேர்த்தவர் மகப்பேறு விடுப்பில் இருக்கும்போது வரைவை அனுப்பாமல் விட்டால், இரண்டாவதும் மூன்றாவதும் அவருக்கு இல்லாமல் போகும். பெயர் நன்றியுரையின் ஓரத்துக்குப் போய்விடும். இப்படி வாய்ப்பே தராமல் ஒருவரை விலக்க இந்த விதியைப் பயன்படுத்தக் கூடாது என்றும் அதே குழு எழுதியிருக்கிறது. நெறியாளர்கள் அந்த வரியையும் படிக்க வேண்டும்.

கட்டுரையை அனுப்பிய பின் ஒரு பெயரை எடுத்தால், எடுக்கப்படுபவரின் கையெழுத்தையும் இதழ் கேட்க வேண்டும். அனுப்பும் முன்பே விட்டுவிட்டால் கேட்க ஆளில்லை.

வரிசையும் முக்கியம். பேராசிரியர் பணிக்கும் பதவி உயர்வுக்கும் ஆய்வு மதிப்பெண் கணக்கிடும் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 விதிமுறைப்படி, இருவருக்கு மேல் எழுதிய கட்டுரையில் முதல் ஆசிரியருக்கு அல்லது இதழுடன் கடிதத் தொடர்பில் இருக்கும் தொடர்பு ஆசிரியருக்கு 70 சதவீத மதிப்பெண், மற்றவர்களுக்குத் தலா 30. அறிவியல் கட்டுரையின் அடிப்படை மதிப்பெண் 8. அதில் ஒருவருக்கு 5.6, இன்னொருவருக்கு 2.4.

ஆகவே வேலை தொடங்கும் மாதத்திலேயே ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள். ஆய்வில் யார் என்ன செய்தார் என்பதை வகைப்படுத்தும் 'கிரெடிட்' (CRediT) பட்டியலின் 14 பங்களிப்புகளில் எது யாருடையது, பெயர் வரிசை என்ன, விடுப்பில் போனவருக்கு எந்த மின்னஞ்சலில் வரைவு போகும், பதிலுக்கு எத்தனை நாள் காத்திருப்பது என எல்லாம் அதில் இருக்கட்டும். தரவை ஒழுங்குபடுத்துவதும் அந்த 14-ல் ஒன்று. அதை 'உதவி' என்று ஒதுக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்தி, எல்லோரும் கையெழுத்திட்டு, ஒரு படியைத் துறை ஆய்வுக் குழுவிடம் கொடுங்கள்.

இன்னொன்று: கல்யாணத்துக்குப் பின் இனிஷியல் மாறினால், தரவுத்தளங்கள் ஒரே பெண்ணை இரு ஆட்களாக எண்ணிவிடும். முதல் கட்டுரைக்கு முன்பே ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்க்கிட் (ORCID) எண்ணை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
அறிவியல் இதழ் மதிப்பாய்வாளர்கள் இருவர்,
மதுரை.