அமெரிக்காவின் டென்னசி மாநிலப் பிரதிநிதிகள் அவைக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அவைத்தலைவர் கேமரன் செக்ஸ்டன் அவர்களுக்கும் அவை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2023 ஆகஸ்ட் 28 அன்று, பொருளை விட்டு விலகிப் பேசினார் என்று கூறி, உறுப்பினர் ஜஸ்டின் ஜோன்ஸ் அன்று முழுவதும் வாய் திறக்கக் கூடாது என வாக்கெடுத்துத் தடுத்தீர்கள். மாநிலத் தலைநகர் நாஷ்வில்லின் கவனன்ட் பள்ளியில் மூன்று குழந்தைகளும் மூன்று பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து ஆளுநர் கூட்டிய சிறப்புக் கூட்டத்தொடரிலேயே இது நடந்தது. அவருக்கு வாக்களித்த நாஷ்வில் மக்களுக்கு அவையில் இருக்கும் ஒரே குரல் அவருடையது. அதை அடக்கினால் அவர்களுக்காக அங்கே பேச வேறு எவரும் இல்லை.

அந்த மக்கள் இதை இரண்டாம் முறையாக அனுபவித்தார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 6 அன்று, துப்பாக்கிக் கட்டுப்பாடு கோரி அவையின் நடுவே ஒலிபெருக்கியுடன் முழங்கியதற்காக ஜோன்ஸையும் மெம்ஃபிஸ் நகரின் உறுப்பினர் ஜஸ்டின் பியர்சனையும் உறுப்பினர் பதவியிலிருந்தே நீக்கினீர்கள். உடன் நின்ற உறுப்பினர் குளோரியா ஜான்சன் ஒரே ஒரு வாக்கில் தப்பினார். நீக்கப்பட்ட இருவரும் கறுப்பின இளைஞர்கள், தப்பியவர் வெள்ளையர் என்பதை எவரும் மறக்கவில்லை. ஜோன்ஸ் விதியை மீறினார் என்பது உண்மைதான். ஆனால் 1980-இல் லஞ்சத்துக்காகவும், 2016-இல் பாலியல் அத்துமீறல் புகார்களுக்காகவும் இந்த அவை பயன்படுத்திய தண்டனையை, கொல்லப்பட்ட குழந்தைகளுக்காகக் குரல் உயர்த்தியதற்குக் கொடுப்பது எந்த நீதி? நான்கே நாளில் நாஷ்வில் மாநகர மன்றம் அவரையே இடைக்கால உறுப்பினராக அவைக்குத் திருப்பி அனுப்பியது. ஆகஸ்ட் 3 இடைத்தேர்தலில் மக்களும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். இதற்கு மேலும் அவர்கள் எப்படித்தான் தங்கள் விருப்பத்தைச் சொல்ல வேண்டும்?

ஓக்லண்டில் பிறந்து ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் படித்த இந்த இளைஞர், அடிமை வணிகரும் வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானின் தலைவருமான நேதன் பெட்ஃபோர்ட் ஃபாரஸ்டின் சிலையை உங்கள் அவைக் கட்டடத்திலிருந்தே அகற்றக் கோரிப் போராடியவர். 2021-இல் அது அகற்றப்பட்டது. நாஷ்வில்லின் வாக்குகள் சிதறும்படி அதன் அமெரிக்க நாடாளுமன்றத் தொகுதியை மூன்றாகப் பிரித்த சட்டமன்றம், அந்நகரம் தேர்ந்தெடுத்தவரின் பேச்சையாவது விட்டுவைத்திருக்கலாம்.

ஆகவே பணிவுடன் கேட்கிறேன்: அவையில் பேசியதற்காகவோ போராடியதற்காகவோ எந்த உறுப்பினரையும் நீக்கவோ பேசவிடாமல் தடுக்கவோ இயலாதபடி, அடுத்த கூட்டத்தொடரின் முதல் நாளிலேயே உங்கள் விதிகளைத் திருத்துங்கள். அதுவரை, ஜோன்ஸ் எழுந்து நின்றால் அவரைப் பேச விடுங்கள்.

மரியாதையுடன்,
நாஷ்வில்லில் வாழும் ஒரு தமிழர்