ஒப்புக்குச் சப்பாணிக்கும் இடம் விடுங்கள்: பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கு,

வணக்கம். ஐந்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா நான். பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இருக்கிறேன். கூட்டத்தில் கழிப்பறை, சுற்றுச்சுவர், கணினி என்று பேசி முடிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. அங்கே சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

போன பொங்கல் விழாவுக்கு எங்கள் பள்ளியில் ‘பாரம்பரிய விளையாட்டு அரங்கம்’ வைத்தார்கள். ஃபிளெக்ஸ் பேனர், மேசை மேல் பல்லாங்குழி, தட்டு நிறையச் சோழி, தரையில் சுண்ணாம்பால் பாண்டிக் கட்டம். பிள்ளைகள் வரிசையில் வந்து ஆளுக்கு இரண்டு நிமிடம் ஆடிவிட்டு, படம் எடுத்துக்கொண்டு நகர வேண்டும். ஒரு சின்னப் பெண் பல்லாங்குழியில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தாள். கைக்காய் தீர்ந்தபோது அடுத்த குழி காலி. அதைத் தடவிவிட்டு, அதற்கும் அடுத்த குழியை அள்ளலாம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டில் ஆயாவோ அத்தையோ சொல்லித் தந்திருக்க வேண்டும். கை குழிக்குப் போனது. அதற்குள் விசில். “சரி, அடுத்தவங்க வாங்க.”

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. நாற்பது பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஆனால் அன்று நிஜமான ஆட்டத்தைப் பார்த்தது அரங்கத்தில் இல்லை, பந்தல் பிரித்துக்கொண்டிருந்தபோது. நாலைந்து பேர் உடைந்த செங்கல் துண்டால் தாங்களே ஒரு பாண்டி கிழித்தார்கள். கோட்டை மிதித்தால் அவுட்டா, குதிகால் பட்டால் அவுட்டா என்று பத்து நிமிடம் சண்டை. ஒருத்தி காய் விட்டுப் போய், திரும்ப வந்து பழம் விட்டாள். யாருடைய தம்பியோ, மூன்று நான்கு வயது இருக்கும், “நானும்” என்று நின்றான். விரட்டவில்லை. “நீ ஒப்புக்குச் சப்பாணி, வா.” அவன் இரண்டு காலாலும் குதித்தான், எல்லாக் கோட்டையும் மிதித்தான், யாரும் அவுட் சொல்லவில்லை.

சப்பாணி என்ற சொல் இன்றைக்குக் காதுக்கு நன்றாக இல்லைதான். பிள்ளைகளிடம் கேட்டால் இதைவிட நல்ல பெயர் வைப்பார்கள். ஆனால் அந்த ஏற்பாட்டை யோசித்துப் பாருங்கள். ஆட முடியாதவனையும் ஆட்டத்தில் வைத்துக்கொள்வது, அவன் தோற்காமல் பார்த்துக்கொள்வது, அப்படியே வேடிக்கை பார்த்து ஒரு வருடத்தில் அவன் நிஜ ஆட்டக்காரனாகிவிடுவது. பெரியவர்கள் யாரும் உட்கார்ந்து வகுத்த திட்டமில்லை இது. குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி, சான்றிதழ் என்று வந்துவிட்டால் முதலில் காணாமல் போகிறவன் இவன்தான்.

அதனால்தான் என் முதல் வேண்டுகோளே இது: இந்த ஆட்டங்களைப் போட்டியாக்கிவிடாதீர்கள். சடுகுடு நமக்கு முன்னால் இருக்கும் உதாரணம். 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடி சேர்ந்தது. பெருமைதான், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் ஊருக்கு ஊர் மூச்சு விடாமல் பாடிக்கொண்டு போன பாட்டுகள் எல்லாம் போய், ஒரே சொல்லும் 30 நொடிக் கடிகாரமும் மிஞ்சின. கபடிக்கு அந்த விலை சரியாக இருக்கலாம். அஞ்சாங்கல்லுக்கும் குலைகுலையா முந்திரிக்காவுக்கும் அந்த விலை கட்டாது.

மரபு என்பதற்குச் சான்று வேண்டுமென்றால் குறைவில்லை. தண் ஆன்பொருநை ஆற்றின் வெண்மணலில் பெண்கள் பொன்னால் செய்த கழங்கு என்னும் ஆட்டக்காய் வைத்து ஆடியதைப் புறநானூறு சொல்கிறது. கீழடியில் சுடுமண் ஆட்டக்காய்கள் கிடைத்திருக்கின்றன. பல்லாங்குழியின் ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி மத்திய ஆசியாவில் இருக்கிறாள். குழியில் காய் போட்டு அள்ளும் அந்த ஆட்டத்தைக் கஜகஸ்தானும் கிர்கிஸ்தானும் துருக்கியும் சேர்ந்து 2020-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏற்றிவிட்டன. நாமும் ஏற்றலாம். ஆனால் பட்டியலில் இருப்பது வேறு, அலுங்காமல் கல் எடுக்கத் தெரிந்த ஒரு விரல் ஊரில் இருப்பது வேறு.

அஞ்சாங்கல் ஆடியவர்களுக்கு இந்த ‘அலுங்காமல்’ தெரியும். ஒரு கல்லை மேலே எறிந்து, அது இறங்குவதற்குள் கீழே கிடப்பதை அள்ளி, இறங்குவதையும் பிடிக்க வேண்டும். முதலில் ஒவ்வொன்றாக, அப்புறம் இரண்டிரண்டாக, அப்புறம் மூன்றும் ஒன்றும், கடைசியில் நான்கும் சேர்த்து. எடுக்கும்போது பக்கத்துக் கல் துளி அசைந்தாலும் எதிரே இருப்பவள் “அலுங்கிடுச்சு!” என்பாள். அசைந்ததா இல்லையா என்று சொல்ல நடுவர் கிடையாது. இரண்டு பேரும் பேசித்தான் தீர்க்க வேண்டும். காணொளி பார்த்து இதைக் கற்க முடியாது. நான் என் பெண்ணுக்குக் காட்டி முயன்றேன், அரை மணி நேரத்தில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்ணோடு உட்கார்ந்த பிறகு மூன்றே நாளில் வந்துவிட்டது.

கணக்கு ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. தாயக்கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. மொத்தம் 16 விதமாக விழலாம். தாயம், அதாவது ஒன்று, விழ 2 வழி, மூன்று விழ 4 வழி, இரண்டும் வெறுமையாக விழுந்து பன்னிரண்டு ஆக ஒரே வழி. ‘தாயம் விழமாட்டேங்குதே’ என்ற புலம்பலுக்குப் பின்னால் எட்டில் ஒன்று என்ற கணக்கு இருக்கிறது. இதைச் சொன்னதற்காக நாளைக்கே இரண்டு மதிப்பெண் கேள்வியாக்கிவிடாதீர்கள். அதோடு பிள்ளைகள் தாயத்தை மறந்துவிடுவார்கள்.

அந்தக் காலம் பொற்காலம் என்றும் நான் சொல்லவில்லை. பையனுக்குக் கிட்டிப்புள், பெண்ணுக்குப் பல்லாங்குழி என்று பிரித்து வைத்திருந்தோம். எந்தத் தெருப் பிள்ளை எந்தத் தெருவுக்குள் வந்து பம்பரம் விடலாம் என்பதற்கும் எழுதாத விதி இருந்தது. அதையெல்லாம் மீட்க வேண்டாம். எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒன்றாக வருகிற இடம் பள்ளிக்கூட மைதானம் என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். கிட்டிப்புள்ளில் கண் போகும் என்று நீங்கள் பயப்படுவதும் நியாயம். அதைத் திறந்த வெளியில், ஆசிரியர் பார்வையில் வைத்துக்கொள்ளலாம். அடுத்தவர் பம்பரத்தில் ஆணியால் குத்தி ஆக்கர் வைக்கும் பம்பரத்துக்கும் அப்படியே.

மற்றபடி நான் கேட்பது பெரிதில்லை. மைதானம் முழுக்க பேவர் பிளாக் பதிக்கும் திட்டம் வந்தால், வேப்ப மரத்தடியிலாவது மண்ணை விட்டுவையுங்கள். சிமெண்டில் கோலிக்குக் குழி தோண்ட முடியாது, கிச்சுக் கிச்சுத் தாம்பாளத்துக்கு மணல் குவிக்க முடியாது. விளையாட்டு பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள், அந்தக் கடன் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. வாரத்தில் ஒரு மாலை ஊர்ப் பாட்டிகளை வரச்சொல்லுங்கள். மேடை, பொன்னாடை, மைக் வேண்டாம். மரத்தடியில் உட்காரட்டும். ஆட்ட விதிகளை அச்சடித்துச் சுவரில் ஒட்டவும் வேண்டாம். பல்லாங்குழியில் குழிக்கு ஐந்து காயா ஆறு காயா என்று பாட்டிகளுக்குள்ளேயே சண்டை வரும். பிள்ளைகள் அதையும் பார்க்கட்டும்.

பிளாஸ்டிக் செட் எதுவும் வாங்க வேண்டியதில்லை. மாசி, பங்குனியில் எங்கள் தெருவில் புளி உடைப்பார்கள். பல்லாங்குழிக்குக் காயாகும் என்று கொட்டையைத் தூக்கிப் போடாமல் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். போன வருடத்தது ஒரு தூக்குவாளி நிறைய இப்போதே வீட்டில் இருக்கிறது. ஆள் அனுப்பினால் கொடுத்து விடுகிறேன்.

அன்புடன்,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருத்தி