கரண்டிக் கணக்கை மறந்துவிடு

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள செல்விக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் நலமும் மாமாவின் முழங்கால் நலமும் அறிய ஆவல். மூன்று மாதமாக நான் எழுதாததற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, ஆனால் இந்தக் கடிதத்தை முழுவதும் படித்துவிட்டுத் திட்டு. தீபாவளி சமயத்தில் தொலைபேசியில் நான் சொன்ன சவுக்காரச் செய்முறை தவறு. ஒரு கிண்ணம் எண்ணெய்க்கு இரண்டு கரண்டி காஸ்டிக் சோடா என்று சொன்னேன் அல்லவா, அதை எழுதி வைத்திருக்கும் தாளை இப்போதே கிழித்துப் போடு. நீ மதுரையில் காஸ்டிக் சோடா வாங்கிவிட்டாய் என்று ராஜி அக்கா நேற்றுச் சொன்னதிலிருந்து எனக்கு நிம்மதியே இல்லை. நினைத்ததை அன்றைக்கே முடித்துவிடும் உன் வேகம் எனக்குத் தெரியாதா? கோலப்பொடிக் கதையை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்தக் கணக்கில் நான் செய்த சவுக்காரம் பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. ஒரு வாரத்தில் அதன் மேல் வெள்ளைத் தூள் பூத்தது. அதைக் கொண்டு அவருடைய சட்டைக் காலர்களைத் தேய்த்த அன்று மாலை என் விரல் நுனிகள் எரிந்து, மறுநாள் தோல் உரிந்தது. எண்ணெயோடு சேர்ந்து தீராத காஸ்டிக் சோடா கட்டியிலேயே மிஞ்சியிருந்ததுதான் காரணம். அது செதிலாகவும் வருகிறது, மணிமணியாகவும் வருகிறது. ஒரே கரண்டியில் இரண்டும் ஒரே எடை நிற்பதில்லை. எண்ணெய்க்கு எண்ணெய் தேவையும் மாறுகிறது: 100 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 18 கிராம் வேண்டும், பாமாயிலுக்கோ 14 கிராம் போதும். ஆகவே கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கிராம் வரை காட்டும் எடைக்கருவியை வாங்கினேன்.

இப்போது நான் செய்வது இதுதான். முறுக்குச் சுட்ட பாமாயிலைத் துணியில் வடிகட்டி 700 கிராம், தேங்காய் எண்ணெய் 300 கிராம், காஸ்டிக் சோடா 150 கிராம், தண்ணீர் 300 கிராம். இந்த அளவில் சிறிது எண்ணெய் சவுக்காரமாகாமல் மிஞ்சும். கைக்கு அதுதான் பாதுகாப்பு. தண்ணீரில்தான் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஒருபோதும் ஊற்றிவிடாதே, கொதித்துச் சிதறிவிடும். அடுப்பில் வைக்காமலே அந்தக் கரைசல் கை வைக்க முடியாதபடி சூடேறும், நெடியும் எழும். சன்னல்களைத் திறந்து வை, கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொள், பேரப்பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதே. அம்மாவின் அலுமினிய வட்டாவை எடுத்துவிடாதே, செல்வி. காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். எவர்சில்வர் பாத்திரம் போதும். தோலில் தெறித்தால் வேறெதையும் தேடாமல் ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவு.

கரைசல் ஆறியதும் எண்ணெயில் ஊற்றிக் கிளறு. கரண்டியிலிருந்து ஒழுகும் கோடு மேற்பரப்பில் சற்று நேரம் அழியாமல் நின்றால் அதுவே பதம். நான் காலிப் பால் பெட்டிகளில் ஊற்றி, மறுநாள் வெட்டி, அலமாரியின் மேல் காயவைக்கிறேன். நான்கு வாரமாவது காய வேண்டும். எங்கள் ஊர் ஈரக் காற்றில் ஆறு வாரம்கூட ஆகிறது. மூங்கில் கழியில் துணியே காயாத மாதங்கள் உனக்கு நினைவிருக்கும்.

உனக்கென்று இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சவுக்காரத்தோடு சேர்ந்து வெண்கசடாகத் துணியில் ஒட்டும். துவைக்கும் தண்ணீரில் முதலில் ஒரு கைப்பிடி சலவைச் சோடாவைக் கரைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை குறையும். ஆப்பச் சோடா, சலவைச் சோடா, காஸ்டிக் சோடா மூன்றும் வேறு வேறு. பொட்டலங்களின் மேல் பெரிய எழுத்தில் பெயர் எழுதி, காஸ்டிக் சோடாவைச் சமையலறைக்கு வெளியே வை.

இத்தனை பாடு எதற்கு என்று மாமா கேட்பார். 2024 ஜனவரி முதல் இங்கே பொருள், சேவை வரி 9 விழுக்காடு. ஓய்வுபெற்ற வீட்டில் மாதம் ஒரு பெட்டி சலவைத்தூள் மிச்சமாவது சிறிய காரியமல்ல. கழிவுக் குழாயை அடைக்கவிருந்த எண்ணெய் வெள்ளைக் கட்டியாகிக் காலர் அழுக்கைக் கழற்றும்போது எனக்கு உண்டாகும் மகிழ்ச்சியை நீயும் அடைய வேண்டும் என்றுதான் அன்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதம் ராஜி அக்கா மதுரைக்கு வருகிறார். அவரிடம் எடைக்கருவியும், கண்ணாடியும், நன்றாகக் காய்ந்த இரண்டு கட்டிகளும் கொடுத்து அனுப்புகிறேன். அதுவரை அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காதே. பிரிக்கவில்லை என்று ஒரு வரி உடனே எழுது.

உன்
பத்மா