பழனிமலை உச்சிப் புல்வெளிக்குப் பாதை வேண்டாம், நடக்க அனுமதி வேண்டும்

தமிழ்நாடு வனத்துறையின் உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம்.

கொடைக்கானலை அடுத்த பேரிஜம் ஏரிக்கு மேற்கே, வந்தரவு முடியை ஒட்டிக் கேரள எல்லையிலுள்ள டாப் ஸ்டேஷன் வரை நீளும் பழனிமலையின் மேட்டுநிலத்தைப் பற்றி இம்மடலை எழுதுகிறேன். சோலையும் புல்வெளியும் மாறி மாறி வரும் அந்த நிலத்தில், தடமே இல்லாத பகுதிகளின் ஊடாக, முதுகுச் சுமையோடு மூன்று நான்கு நாள் நடக்க விரும்புவோருக்குத் தங்கள் துறையின் நேரடிப் பொறுப்பில், மிகக் குறைந்த எண்ணிக்கையில் அனுமதி வழங்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அதற்கென்று அங்கே பாதை எதுவும் வெட்டக் கூடாது என்பதையும் அதே அழுத்தத்தோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக் கேட்கும் எவரும் 2018 மார்ச் 11-ஐ மறந்துவிட்டுப் பேச முடியாது. அன்று தேனி மாவட்டத்தின் குரங்கணி மலைச்சரிவில் பற்றிய காட்டுத்தீ, மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிர்களைப் பறித்தது. காய்ந்த புல்லில் பிடித்த தீ மேட்டை நோக்கி மனிதக் கால்களைவிட விரைவாக ஏறும் என்பதும், ஒடுங்கிய பள்ளம் தீயையும் புகையையும் புகைபோக்கி போல மேலே இழுக்கும் என்பதும் மலையில் வாழ்கிறவர்களுக்குத் தெரியும். ஊரிலிருந்து வருகிறவர்களுக்குத் தெரியாது. அதே ஆண்டில் வந்த மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் மிகவும் தேவையானவை. 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களோடு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தையும், அதில் காட்டோர ஊர்களின் இளைஞர்களே வழிகாட்டிகளாக இருப்பதையும் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் எளிது, மிதம், கடினம் என்ற அந்த வகைப்பாடு முழுவதும் தடம் உள்ள வழிகளைப் பற்றியது. தடமற்ற நிலத்தில் நடப்பது வேறொரு கல்வி.

1990களின் பிற்பகுதியில், ஒரு தை மாதத்தில், அனுமதி பெற்று அந்த மேட்டில் நடந்திருக்கிறேன். எங்களை அழைத்துச் சென்ற பெரியவர் மலைக்கிராமத்துக்காரர். காலையில் புல்நுனியெல்லாம் உறைபனி வெள்ளையாக நிற்க, காலணிக்கடியில் அது நொறுங்கும் ஓசையைத் தவிர வேறு ஓசை இல்லை. பத்து மணியளவில் மூடுபனி ஏறியது. ஐந்து நிமிடத்தில் முன்னால் நடந்தவரின் முதுகுப்பை மறைந்துவிட்டது. பெரியவர் எங்களை அங்கேயே உட்காரச் சொன்னார். சோலை ஓரமாகக் காட்டுமாட்டுத் தடம் ஒன்று தெளிவாகக் கிடக்கிறதே, அதைப் பிடித்துப் போகலாமே என்றேன். “அது மாட்டுக்குத் தெரிஞ்ச வழிங்க, நமக்குத் தெரிஞ்ச வழி இல்ல” என்றார். இரண்டு மணி நேரத்துக்குப் பின் பனி விலகியபோது, அந்தத் தடம் நேரே ஒரு செங்குத்துச் சரிவின் விளிம்பில் இறங்குவதைக் கண்டோம். பேரிஜம் பக்கத்துச் சோலைக்கு மதிகெட்டான் என்று நம் முன்னோர் பெயரிட்டது கதைக்காக அல்ல என்று அன்று விளங்கியது. நிற்கச் சொல்லவும் திரும்பச் சொல்லவும் முழு அதிகாரம் உள்ள வழிகாட்டி ஒருவர் இல்லாமல் அந்நிலத்தில் யாரையும் விடக் கூடாது. கட்டணம் கட்டிவிட்டோம் என்று அவரிடம் எவரும் வாதாட இடமிருக்கக் கூடாது.

அவர் கற்றுத்தந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புல்வெளியில் எங்களை ஒருவர் பின் ஒருவராக நடக்கவிடவில்லை. ஏர் பூட்டியதுபோலப் பக்கம் பக்கமாகப் பரவி நடக்கவைத்தார். ஒரே கோட்டில் பல கால்கள் பட்டால் புல் சாகும், அடுத்த மழையில் அந்தக் கோடு ஓடையாகி மண்ணை அரிக்கும் என்றார். ஓடை பிறக்கும் சதுப்பை மிதிக்காமல் வெகுதூரம் சுற்றிப் போனோம். அந்தச் சதுப்புகள்தான் மழைநீரைப் பிடித்துவைத்துச் சிறுகச் சிறுக விடுகின்றன. பேரிஜத்துத் தண்ணீரைக் குடிக்கும் பெரியகுளத்துக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே அனுமதிச்சீட்டில் ஆட்கணக்கை மட்டும் எழுதாமல், எப்படி நடக்க வேண்டும் என்பதையும் எழுத வேண்டுகிறேன். குழுவில் ஆறு பேருக்கு மேல் வேண்டாம். முந்தைய குழு கூடாரம் போட்ட இடத்தில் அடுத்த குழு போடக் கூடாது. அடுப்புக்கு விறகுத் தீ கூடாது. நடந்த வழியின் ஜி.பி.எஸ். பதிவை யாரும் வெளியிடக் கூடாது; அந்தப் பதிவு ஒருமுறை பரவிவிட்டால், பாதை வெட்டாமலேயே பாதை விழுந்துவிடும்.

1973-க்குப் பிந்தைய நான்கு பத்தாண்டுகளில் பழனிமலைப் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாட்டில், பைன், யூகலிப்டஸ் ஆகிய அயல் மரத் தோட்டங்களுக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டது. எஞ்சிய புல்வெளியில் வாட்டில் கன்று முழங்கால் உயரத்தில் இருக்கும்போதே கண்டால் கையால் பிடுங்கிவிடலாம். ஆளுயரம் வளர்ந்துவிட்டால் ஆட்களும் கருவிகளும் வேண்டும். ஆண்டுதோறும் வழிகாட்டியோடு சில குழுக்கள் அங்கே நடந்தால், கன்று எங்கே தலைகாட்டுகிறது என்ற செய்தி வனச்சரகருக்கு உடனுக்குடன் வரும். அந்த வேலைக்கு மலைவாழ் மக்களுக்குக் கூலியும் கிடைக்கும்.

மார்கழி, தை ஆகிய இரு மாதங்கள் மட்டும் போதும். புல் நன்றாகக் காயும் முன்பே வாயிலை மூடிவிடலாம். எல்லை கேரளத்தோடு பிணைந்திருப்பதால் அவர்களின் வனத்துறையையும் கலந்தே முடிவெடுக்க வேண்டியிருக்கும். 2018-இல் பூத்த நீலக்குறிஞ்சி 2030-இல் மீண்டும் பூக்கும்போது, மலைமேல் ஏறக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வருவார்கள். அதற்கு முன், வரும் மார்கழியிலேயே, தங்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்களையும் மலைக்கிராமத்துப் பெரியவர்களையும் மட்டும் கொண்டு ஒரு சோதனை நடையை நடத்திப் பார்க்குமாறும், அவர்கள் கூடாது என்று சொல்லும் பகுதிகளை முதலிலேயே விலக்கிவிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழனிமலையில் நடந்த ஒருவன்