கொன்றவர் சொன்னதைத் தலைப்பாக்கியது குறித்துப் புகார்

அனுப்புநர்:
தங்கள் நாளிதழின் ஆண்டுச் சந்தாதாரர்,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
ஆசிரியர் அவர்கள்.

பொருள்: மாவட்டப் பக்கத்தில் வந்த மனைவி கொலைச் செய்தி தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த வாரம் 'நடத்தையில் சந்தேகம்: மனைவியை வெட்டிக் கொன்ற கணவர் கைது' என்று ஒரு செய்தி வெளியிட்டிருந்தீர்கள். அந்தப் பெண் அடிக்கடி செல்போனில் பேசினார், கணவர் கண்டித்தார், அவர் கேட்கவில்லை, ஆத்திரமடைந்த கணவர் அரிவாளை எடுத்தார் என்று போகிறது செய்தி. இவ்வளவையும் சொன்னது யார்? கைதான கணவர், போலீசாரிடம்.

போலீசாரிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சாட்சியமாக நீதிமன்றம் ஏற்பதில்லை. பழைய சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தில் 23ஆவது பிரிவாக இருக்கிறது. நீதிமன்றமே ஏற்காத பேச்சை, மறுத்துப் பேச உயிரோடு இல்லாத பெண்ணின் மேல் கொட்டை எழுத்தில் சுமத்த உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அவருக்கு இரண்டு பிள்ளைகள் என்று நீங்களே கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் வளர்ந்து தங்கள் தாயின் பெயரைத் தேடினால் இணையத்தில் முதலில் கிடைக்கப்போவது இந்தத் தலைப்புதான்.

அந்தப் பெண்ணின் பெற்றோரிடமோ அக்கம்பக்கத்தாரிடமோ நிருபர் பேசியதாக ஒரு வரிகூட இல்லை. இதற்கு முன் அடிபட்டு மகளிர் காவல் நிலையத்துக்குப் போனாரா, சமாதானம் பேசித் திருப்பி அனுப்பினார்களா, 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுத்திருந்தாரா? செய்தி அங்கேதான் இருக்கிறது.

மனைவி கணவரைக் கொன்ற வழக்கு என்றால் உங்கள் நடையே மாறிவிடுகிறது. முதல் பக்கத்தில் அந்த மனைவியின் படம், நாள்தோறும் தொடர்ச்சி. அவர் எத்தனை வருடம் அடி வாங்கினார் என்று விசாரிக்க மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை. ஆணுக்கு ஆத்திரம் ஒரு காரணமாகிவிடுகிறது. பெண்ணுக்கு அந்தச் சலுகை கிடையாது.

திருமணமாகி 7 ஆண்டுக்குள் இறக்கும் பெண்களைப் பற்றிய செய்திகளில் 'ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை நடக்கிறது' என்று முடிக்கிறீர்கள். அந்த விசாரணையில் என்ன தெரியவந்தது என்று உங்கள் பத்திரிகையில் நான் படித்ததே இல்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள, திருமணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வாசகிகளிலும் அவர்கள் இருக்கிறார்கள். அடித்தவர் தரப்பு நியாயத்தைத்தான் தினமும் காலையில் அவர்கள் கையில் கொடுக்கிறீர்கள்.

இணையப் பதிப்பில் அந்தத் தலைப்பை மாற்றுங்கள். சமூக வலைதளத்திலிருந்து எடுத்துப் போட்ட, கொல்லப்பட்ட பெண்ணின் படத்தை நீக்குங்கள். குடும்பத்தாரின் தரப்பைக் கேட்டு, அதே பக்கத்தில், அதே அளவில் வெளியிடுங்கள். இனி இத்தகைய செய்திகளின் கீழ் 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் சேர்த்து வெளியிடுங்கள்.

பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும் இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலுக்குப் போகுமுன் ஆசிரியருக்கு எழுத வேண்டும் என்பது விதி. நாளிதழ்ச் செய்தி என்றால் 2 மாதத்துக்குள் அங்கே புகார் கொடுக்க வேண்டும். ஆகவே 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தாருங்கள். வராவிட்டால் இந்தக் கடிதத்தின் நகலையும் அந்தப் பக்கத்தையும் இணைத்துக் கவுன்சிலுக்கு அனுப்புவேன்.

இப்படிக்கு,
சந்தாதாரர்