குத்தாலத்துக் குரங்கு எந்தக் கப்பல்ல வந்துச்சு?

ஆசிரியர் அண்ணாச்சிக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இலக்கியப் பக்கத்துல ஒரு கவிதைப் புஸ்தகத்துக்கு விமர்சனம் போட்டிருந்தீங்க, அதுல "மனிதனை விலங்கோடு உறவாக்கிப் பாடுவது நம் மரபில் இல்லாத மேல்நாட்டு இறக்குமதி"ன்னு ஒரு வரி. எழுதினவரு பெரிய படிப்பாளியா இருப்பாரு, நாம பி.ஏ. தமிழ் முடிச்சுட்டு ஐந்தருவியில பழக்கடை போட்டவன், நமக்கென்ன தெரியும். ஆனா குறுந்தொகை 69-ஆம் பாட்டு உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆண்குரங்கு செத்ததும் மந்தி, தாவக்கூடப் படிக்காத குட்டிய சொந்தக் கூட்டத்துகிட்ட ஒப்படைச்சுட்டு மலையில இருந்து குதிச்சு உசுர விட்டுருது. இத எதுக்குத் தலைவியோட தோழி சொல்லுதா? நடுராத்திரி மலைவழியா தலைவியப் பாக்க வாரவன்கிட்ட, வராதய்யா, உனக்கு ஒண்ணுன்னா இவ என்ன ஆவான்னு சொல்லத்தான். இது எந்தக் கப்பல்ல வந்து எறங்குச்சு?

மக்களுக்கு ஆறறிவுன்னு மேடைக்கு மேடை தொல்காப்பியத்தச் சொல்லுதாவ, அதே நூலோட மரபியல்ங்கிற பகுதியில "ஒருசார் விலங்கும் உளவென மொழிப"ன்னு, விலங்குலயும் சிலதுக்கு ஆறறிவு உண்டுன்னு இருக்கே, அத ஒருத்தரும் வாயத் திறந்து சொல்ல மாட்டாவ. அந்த ஒருசாரு எதுன்னு இளம்பூரணர் கிளி, குரங்கு, யானைன்னு பேரு போட்டே உரை எழுதிட்டுப் போயிருக்காரு.

நூல விடுங்க, கடைக்கு வாங்க. எங்க கடைக்கு எதுத்தாப்ல செவுத்து மேல ஒரு தாய்க்குரங்கு செத்த குட்டிய மடியில போட்டு உக்காந்திருந்துச்சு. ஈ மொய்க்கும், ஓட்டும், குட்டி விரல ஒவ்வொண்ணா விரிச்சுப் பாக்கும். ரம்புட்டான் தட்டு கை எட்டுற தூரம், தொடல. எங்க பெரியத்தை குரங்கக் கண்டாலே கம்பத் தூக்குறவ, தலைப்புள்ளையப் பறிகுடுத்தவ, அன்னைக்கு கம்ப அப்படியே போட்டுட்டு உள்ள போயி கதவச் சாத்திக்கிட்டா. அவ மேல்நாட்டுக் கவிதை எதுவும் வாசிச்சதில்ல.

உங்க பத்திரிகை குரங்க இப்படி ஒதுக்குறது புதுசாவும் இல்ல. சீசன் வந்தா "குரங்குகள் அட்டகாசம்"னு தலைப்பு, சிப்ஸ் பாக்கெட்ட வீசி அதுகளக் கெடுக்குறது யாருன்னு நான் எழுதுன கடிதம் குப்பைக்குப் போச்சு. சிங்கவால் குரங்குக்குன்னே 1976-ல களக்காட்டுல சரணாலயம் வச்ச சீமை இது, அதப்பத்தி எழுத எடம் இல்ல, நகைக்கடை விளம்பரத்துக்கு மட்டும் பாதி இலக்கியப் பக்கம். அதுலயும் ஒருதடவ குத்தாலக் குறவஞ்சியில வார "வானரங்கள் கனிகொடுத்து மந்தியொடு கொஞ்சும்"னு போட்டு, கீழ நாட்டுப்புறப் பாடல்னு அச்சடிச்சீங்க பாருங்க, நல்லா இருங்க.

நான் கேக்குறது ஒண்ணுதான். வார ஞாயித்துக்கிழமை அந்தக் குறவஞ்சிப் பாட்ட முழுசா ஒரு கட்டத்துல போட்டு, எழுதினவரு திரிகூடராசப்பக் கவிராயர்னு பேரப் பிழை இல்லாம அடிங்க. இந்தக் கடிதம் நீளம்னா அத்தை கதைய வெட்டிக்கிடுங்க, இளம்பூரணர்ல கை வைக்காதீங்க.

இப்படிக்கு,
ஐந்தருவி பழக்கடைக்காரன்