முதல் வரியில் எஸ்எச், உள்ளே பாஷ்: நிறுவல் ஸ்கிரிப்ட் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

கட்டற்ற மென்பொருள்களுக்கு நிறுவல் ஸ்கிரிப்ட் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். பாஷ் (bash) என்ற ஷெல்லை, அதாவது கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலை, விட்டுவிடுங்கள் என்று கேட்க வரவில்லை. அரே (பல மதிப்புகளின் பட்டியல்), இரட்டைச் சதுர அடைப்பு [[ ]] போன்ற அதன் வசதிகள் எல்லாம் எனக்கும் பிடித்தவைதான். எந்த ஷெல் ஓட்ட வேண்டும் என்று சொல்வது ஸ்கிரிப்டின் முதல் வரி. அதில் எஸ்எச் (sh, பொதுவான ஷெல்லின் பெயர்) என்று போட்டுவிட்டு உள்ளே பாஷுக்கே உரியதை எழுதாதீர்கள், அவ்வளவுதான்.

உங்கள் கணினியில் ஓடியிருக்கும், சந்தேகமில்லை. ஃபெடோரா லினக்ஸில் எஸ்எச் என்று கூப்பிட்டாலும் வருவது பாஷ்தானே! உபுண்டுவில் அப்படி இல்லை. 2006-இல் வந்த 6.10 பதிப்பிலிருந்தே அந்த இடத்தில் டாஷ் (dash) என்ற சிறிய ஷெல் இருக்கிறது. பூட் வேகத்துக்காகச் செய்த மாற்றம். டெபியனும் 2011-இல் ஸ்குவீஸ் பதிப்பில் அதே வழிக்கு வந்தது. ஆல்பைன் லினக்ஸில் இருப்பது பிஸிபாக்ஸ் என்ற சிறு கருவித் தொகுப்பின் ஆஷ் ஷெல். பாஷ் வேண்டுமென்றால் தனியாக நிறுவ வேண்டும்.

ஸ்கிரிப்ட் பட்டென்று நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை. ஒற்றைச் சதுர அடைப்புக்குள் == போட்டு, பயனர் 'ஆம்' என்றாரா என்று இஃப் வைத்துச் சோதிக்கிறீர்கள். டாஷுக்கு அந்த == தெரியாது. ஒரு வரி முணுமுணுத்துவிட்டு, சோதனை தோற்றதாக எடுத்துக்கொண்டு எல்ஸ் பக்கம் போய்விடும். பிழை வந்தால் நிற்கும்படி 'செட் -ஈ' போட்டிருந்தாலும், இஃப் நிபந்தனைக்குள் அது வேலை செய்யாது. பயனர் 'ஆம்' என்றது 'இல்லை' ஆகி, கடைசியில் 'வெற்றிகரமாக நிறுவப்பட்டது' என்று செய்தியும் வரும். ஒரு = போட்டிருந்தால் எல்லா ஷெல்லிலும் ஓடியிருக்கும். வரி முறிவு போன்ற குறிகளோடு உரையை எழுதப் போடும் 'எக்கோ -ஈ' இன்னொரு தலைவலி: டாஷ் அந்த '-ஈ'யையும் சேர்த்தே கான்ஃபிக் கோப்பில் எழுதிவைக்கும். அதே வேலைக்குப் பிரிண்ட்எஃப் கட்டளை எதற்கு இருக்கிறது?

'பைப்ஃபெயில் (தொடராக இணைத்த கட்டளைகளில் ஒன்று தோற்றாலும் பிழையாகக் கொள்ளும் அமைப்பு) இப்போது ஷெல்களுக்கான பொதுத் தரமான போசிக்ஸில் வந்துவிட்டதே' என்பீர்கள். 2024 பதிப்பில் வந்தது உண்மைதான். ஆனால் ஏற்கெனவே சர்வர்களில் இருக்கும் பழைய டாஷுக்கு அது தெரியாதே.

பாஷ்தான் வேண்டுமா? சரி, முதல் வரியில் பாஷ் என்றே போடுங்கள். ஃப்ரீபிஎஸ்டியில் அது வேறு கோப்பகத்தில் இருக்கும் என்பதால் நிரல் எங்கே இருக்கிறது என்று தேடி ஓட்டும் 'என்வ்' வழியாகக் கூப்பிடுங்கள். எந்தப் பதிப்பு வேண்டும் என்றும் சொல்லுங்கள். புதிய பாஷின் ஜிபிஎல் 3 உரிமம் பிடிக்காமல் ஆப்பிள் மேக்கில் பாஷ் 3.2-உடன் நின்றுவிட்டது, பெயரை வைத்து மதிப்பைத் தேடும் அசோசியேட்டிவ் அரே வந்ததோ 4.0-இல்.

எஸ்எச்தான் என்றால், வெளியிடும் முன் டாஷில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இப்படிப்பட்ட தவறுகளைக் கண்டுபிடிக்கும் டெபியனின் செக்பாஷிசம்ஸ், இல்லையென்றால் ஷெல்செக், ஏதாவது ஒன்றை உங்கள் சிஐ-யில் (நிரல் மாறும்போதெல்லாம் தானாக ஓடும் சோதனையில்) சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஸ்கிரிப்ட்களை ஓட்டும் ஒரு சிஸ்டம் அட்மின்